இனிய பாட்டில் கரகரப்பு எங்கிருந்து வந்தது?

மாணவியர் பாடிய பாட்டொன்றைக் கணிப்பொறியில் தடம் தடமாகப் பதிவு செய்தாயிற்று. மூன்று குரல்வரிசைகளையும் அதனதன் அளவில் நிறுத்தி, கீபோர்டையும் தபேலாவையும் சேர்த்து, அழகுறக் கலந்தும் முடித்தாயிற்று. கேட்கக் கேட்க இனிக்கிறது. பின்னர் அதனை ஒரே கோப்பாக வெளியே எடுத்து வீட்டாருக்குப் போட்டுக் காட்டினால், எல்லாக் குரல்களும் உச்சத்தில் சேரும் அந்த ஓர் இடத்தில் அப்பளம் நொறுங்குவதுபோல் ஒரு சத்தம்! அம்மா முகம் பார்க்கிறார். அப்பா ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கிறார். பாடியவளோ தன் தொண்டையைத்தான் சந்தேகிக்கிறாள்.

தொண்டைமீது பழியில்லை. பெரும்பாலும் இது கணக்கில் நேரும் பழுது. கணக்கில் நேரும் பழுதுகளிலும் இருவகை உண்டு. ஒன்று, மூலப் பதிவு நலமாக இருக்க, கோப்பாக எடுக்கும்போது மட்டும் புகுந்தது. அதனை ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். மற்றது, பாடிய அன்றே மைக்கின் வழியாகப் பதிவுக்குள் குடியேறியது. அதற்கு உண்மையான மருந்து மீண்டும் பாடுவது ஒன்றே. பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் பாடிய பாட்டாயின், தேர்வு முடிந்ததும் அவர்கள் திசைக்கொருவராகப் பிரிந்துவிடுவர். அந்த மூன்று குரல்வரிசைகளையும் மறுபடி ஒரே அறையில் நிறுத்துவது நடவாத காரியம். ஆகவே, கரகரப்பு எந்த வகையைச் சார்ந்தது என்பதை அவர்கள் பிரியுமுன்னரே கண்டறிதல் வேண்டும். எவ்வாறு கண்டறிவது என்று பார்ப்போம்.

முதற் சோதனை: அதே இடத்தில் வருகிறதா?

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பை முதலிலிருந்து இறுதிவரை ஓடவிட்டு, சத்தம் எழும் நிமிடத்தையும் வினாடியையும் குறியுங்கள். மறுபடியும் ஓடவிட்டுக் குறியுங்கள். பின்னர் வேறொரு கருவியில், இயன்றால் ஹெட்போனில், குறைந்த ஒலியளவில் மூன்றாம் முறை கேளுங்கள்.

மூன்று முறையும் அதே வினாடியில் சத்தம் வந்தால் பழுது கோப்புக்குள் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இடம் மாறினால் பழுது கோப்பில் இல்லை. ஓட்டுகிற கருவியில் இருக்கிறது. ஒலிபெருக்கியின் கம்பியைத் தொட்டால் மட்டும் சடசடவென்றால் முள் தளர்ந்திருக்கிறது. ஒலியை முழுவதும் ஏற்றினால் மட்டும் கரகரத்தால் அந்தச் சிறு ஒலிபெருக்கி தன் சக்திக்கு மீறி உழைக்கிறது. விழாக்காலத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகளைக் கொண்டு எந்தப் பதிவையும் எடைபோடவேண்டாம். அவை தூரத்துக்குக் கேட்கச் செய்வதற்காக ஏற்பட்டவை, நயத்துக்காக அல்ல. இந்த எளிய சோதனையைச் செய்யாமலே மென்பொருளைக் குடைந்து மணிக்கணக்கில் வீணாக்குவோர் பலர்.

இடம் மாறி மாறி வரும் கரகரப்பின் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணிப்பொறி ஒலியைத் துளித்துளியாகக் கணக்கிட்டு ஒரு சிறு தொட்டியில் நிரப்பிக்கொண்டே இருக்கும். மறுபக்கம் ஒலியட்டை அதிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். தொட்டிக்குப் ‘பஃபர்’ என்று பெயர். குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும் நாளில் சிறிய குடத்தை வைத்துச் சமாளிக்க முடியுமா? கணிப்பொறிக்கு வேலைப்பளு கூடும்போது தொட்டி வறண்டுவிடுகிறது. அந்தக் கணநேர வெறுமையே ‘டிக்’ என்று கேட்கிறது. 128 மாதிரிகள் கொள்ளும் தொட்டி ஏறத்தாழ 3 மில்லி வினாடிக்கே போதும். 1,024 மாதிரிகள் கொள்வதாயின் 23 மில்லி வினாடி தாங்கும். ஆகவே கலவை செய்யும்போது தொட்டியைப் பெரிதாக்குங்கள். பயனில்லாத பிற மென்பொருள்களை மூடுங்கள்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. கோப்பாக எடுக்கும்போது கணிப்பொறிக்கு அவசரமில்லை. நான்கு நிமிடப் பாட்டை அது ஒரு நிமிடத்திலும் முடிக்கலாம், ஆறு நிமிடத்திலும் முடிக்கலாம். கேட்பவர் யாரும் காத்திருக்கவில்லையாதலால் தொட்டி வறளும் பேச்சுக்கே இடமில்லை. எனவே, கலக்கும்போது கேட்ட இவ்வகைக் கரகரப்பு கோப்பில் இராது. பாடும்போது, அதாவது பதியும்போதே தொட்டி வறண்டிருந்தால் மட்டும் அது பதிவிலேயே தங்கிவிடும்.

எண்களுக்கு ஒரு கூரை

இனி, எப்போதும் அதே வினாடியில் எழும் கரகரப்புக்கு வருவோம். பத்தில் எட்டு இடங்களில் இதுவே குற்றவாளி என்பது என் எண்ணம்.

குரல் காற்றில் அலையாக வருகிறது. மைக் அதனை மின்னலையாக்குகிறது. கணிப்பொறி அந்த மின்னலையின் உயரத்தை ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. ஒவ்வோர் அளவையும் மாதிரி என்பர். 1982-ஆம் ஆண்டு சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் கொண்டுவந்த காம்பாக்ட் டிஸ்க் என்னும் ஒலித்தட்டில் நிலைபெற்ற கணக்கு இது. அதென்ன 44,100 என்னும் விந்தையான எண் என்று கேட்கும் மாணவியருக்காக ஒரு சிறு விலகல். அக்காலத்தில் இத்துணை எண்களைப் பதிந்து வைக்க வீடியோ நாடாவே வசதியாக இருந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வழங்கிய வீடியோ முறையில் வினாடிக்கு 60 புலங்கள், புலத்துக்குப் பயன்படும் கோடுகள் 245, கோட்டுக்கு 3 மாதிரிகள். ஐரோப்பிய முறையில் வினாடிக்கு 50 புலங்கள், கோடுகள் 294, கோட்டுக்கு அதே 3. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். இரண்டு முறைகளுக்கும் பொருந்திய எண் அது!

ஒவ்வொரு மாதிரியையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறோம். 16 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 65,536. அலை மேலும் கீழும் ஆடுவதால் இவை கழித்தல் 32,768 முதல் கூட்டல் 32,767 வரை பங்கிடப்பட்டுள்ளன. கூட்டல் 32,767-க்கு மேல் எழுத இடமே கிடையாது. இதுவே கூரை. ஒலி அளவுமானியில் இந்தக் கூரையைச் சுழி டெசிபல் எனக் குறிப்பர். அதற்குக் கீழுள்ள யாவும் கழித்தல் கணக்கிலேயே வரும்.

கலவை என்பது வெறும் கூட்டல்தான். மூன்று குரல்வரிசைகளின் தடங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு கணத்தில் முதற் குரல் 15,000, இரண்டாவது 12,000, மூன்றாவது 9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே பார்த்தால் எல்லாம் கூரைக்கு வெகு கீழே. ஒரு குறையும் இல்லை. கூட்டினால் 36,000! எழுத இடமில்லை. கணிப்பொறி என்ன செய்யும்? தன்னால் இயன்ற பெரிய எண்ணாகிய 32,767-ஐ எழுதிவிட்டு அடுத்த மாதிரிக்குப் போய்விடும். அலை 31,000, 33,500, 36,000, 34,200, 30,500 என்று மலைபோல் ஏறி இறங்க வேண்டியிருக்க, கோப்பில் 31,000, 32,767, 32,767, 32,767, 30,500 என்று மொட்டைமாடியாக நின்றுவிடுகிறது. இதனைக் ‘கிளிப்பிங்’ என்பர். முனை வெட்டுண்ணுதல் என்று நாம் சொல்லலாம்.

இப்போது கரகரப்பு ஏன் உச்சத்தில் மட்டும் வந்தது என்பது விளங்குகிறதல்லவா? ஒவ்வொருத்தியும் தனியாகப் பாடும் அடியில் கூட்டுத்தொகை கூரையைத் தொடுவதில்லை. எல்லாரும் சேரும் இடத்தில், அதுவும் தபேலாவின் ‘தா’ விழும் கணத்தில்தான் தொடுகிறது. தபேலா நம் காதுக்குக் குரலைவிட மெல்லியதாகப் பட்டாலும், அதன் அடி விழும் ஓரிரு மில்லி வினாடியில் அலையின் உயரம் குரலைவிடப் பன்மடங்கு எழும்பும். காது சராசரியைக் கேட்கிறது. கூரையோ உச்சியைப் பார்க்கிறது.

வெட்டுண்ட அலை ஏன் அத்துணை கொடூரமாக ஒலிக்க வேண்டும்? பழைய நாடாப் பதிவுக் கருவிகளிலும் அளவுக்கு மேல் ஒலியேற்றினால் திரிபு வந்ததுதான். ஆனால் நாடா மெல்ல மெல்லத் திணறும், முனையை மழுக்கும். எண்களில் மழுக்கல் கிடையாது, வெட்டுதான். இயற்பியல் படிக்கும் மாணவியர் அறிவர்: மழுங்காத வட்ட அலை ஒரே ஓர் அதிர்வெண் கொண்டது. அதன் முனைகளை இருபுறமும் ஒரேமாதிரி வெட்டினால் மும்மடங்கு, ஐம்மடங்கு, ஏழ்மடங்கு அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கும். 440 ஹெர்ட்ஸ் சுரத்துடன் 1,320, 2,200 என அழையா விருந்தாளிகள் வந்து சேருவர். இவர்களாவது சுரத்துக்கு உறவினர்.

உறவே இல்லாதவர்களும் வருவதுண்டு. வினாடிக்கு 44,100 முறை அளக்கும் கணக்கில் அதன் பாதியாகிய 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண் எதுவும் தங்க இயலாது. அப்படியொன்று பிறந்தால் அது மடிந்து கீழே விழும். 3,000 ஹெர்ட்ஸ் ஒலியொன்று வெட்டுண்டு அதன் பதின்மூன்று மடங்கு பிறந்தால் 39,000. மடிந்து 44,100-இலிருந்து 39,000 போக 5,100 ஹெர்ட்ஸாகக் கேட்கும். பதினைந்து மடங்காகிய 45,000, வெறும் 900 ஹெர்ட்ஸாக, மூல ஒலிக்கும் கீழே வந்து விழும்! 3,000-க்கும் 5,100-க்கும் 900-க்கும் சங்கீத முறைப்படி என்ன உறவு? இவை ஒவ்வொன்றும் மெல்லியவையே. ஆயினும் சுருதி சேராத இச்சில்லுகள் கூடித்தான் அப்பளம் நொறுங்கும் ஓசையைத் தருகின்றன.

திருத்தும் முறையும் திருத்தாத முறையும்

பலர் செய்வது என்ன? கரகரக்கும் கோப்பைத் திறந்து அதன் ஒலியளவைக் குறைக்கிறார்கள். கரகரப்பும் மெதுவாகக் கேட்கிறது; போகவில்லை. மொட்டையான மலை சிறிதாயிற்றேயன்றி முனை முளைக்கவில்லை. எறியப்பட்ட 36,000 கோப்பில் எங்கும் இல்லை. இல்லாததை எப்படி மீட்பது?

செய்ய வேண்டியது மூலக் கலவைக்குத் திரும்புவது. இன்றைய ஒலிக்கலவை மென்பொருள்கள் பெரும்பாலும் தமக்குள் ‘32 பிட் ஃப்ளோட்’ என்னும் வேறொரு கணக்கைக் கையாளுகின்றன. தசமப் புள்ளியை நகர்த்திக்கொள்ளும் இக்கணக்கில் நடைமுறையில் கூரையே கிடையாது. 36,000 அங்கே பத்திரமாக இருக்கிறது. 16 அல்லது 24 பிட் கோப்பாக எழுதும் அந்தக் கணத்தில்தான் வெட்டு விழுகிறது. ஆகவே எழுதுவதற்கு முன் மொத்த ஒலியளவைக் குறைத்துவிட்டு மீண்டும் கோப்பாக எடுத்தால் போதும். எவ்வளவு குறைக்க வேண்டும்? 36,000-ஐ 32,767-க்குள் அடக்க ஒரு டெசிபல் கூட வேண்டியதில்லை. 6 டெசிபல் குறைத்தால் எண் பாதியாகிவிடும். ஓர் அற்பக் குறைப்புக்காகப் பாட்டைப் பாழாக்குகிறோமே என்று வியப்பாக இருக்கிறது.

இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் இதனை நேரிலேயே பார்க்கலாம். வெட்டுண்ட இடங்களை அலைப்படத்தில் சிவப்புக் கோடுகளாகக் காட்டும் வசதி அதன் ‘வியூ’ பட்டியலில் இருக்கிறது. எல்லாத் தடங்களையும் ‘மிக்ஸ் அண்ட் ரெண்டர்’ மூலம் ஒரு புதுத் தடமாகக் கலந்து பார்த்தால், தனித்தனியே நல்லபிள்ளையாய் இருந்த தடங்கள் கூடியதும் எங்கே சிவக்கின்றன என்பது பளிச்செனத் தெரியும். 32 பிட் ஃப்ளோட்டில் இருக்கும் அந்தத் தடத்தை அங்கேயே ‘ஆம்ப்ளிஃபை’ கொண்டு சற்றுக் குறைத்தால் சிவப்பு மறைந்து, மொட்டைமாடி மறுபடி மலையாக எழுவதைக் காணலாம். வகுப்பில் செய்துகாட்டத் தக்க சோதனை இது.

குறைத்த பின்னும் சிவப்புப் போய், கரகரப்பு மட்டும் போகவில்லையா? அப்படியானால் வெட்டு இன்னும் முன்னதாக எங்கோ விழுந்திருக்கிறது. எதிரொலி சேர்ப்பது, ஒலியை இறுக்குவது முதலியவற்றுக்காக நாம் இடையில் கோத்த துணை மென்பொருள்களில் சில, பழைய கருவிகளைப்போல் நடிக்கும் பொருட்டுத் தமக்கென்று ஒரு கூரை வைத்திருக்கும். அதற்குமேல் ஒலியைத் திணித்தால் அங்கேயே நசுங்கும். எந்தத் தடம் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக அணைக்க வேண்டாம், பாதியை அணையுங்கள். கரகரப்பு நின்றால் குற்றம் அணைத்த பாதியில், நிற்காவிட்டால் மறுபாதியில். மறுபடி அதில் பாதி. 16 தடங்கள் இருந்தாலும் நான்கே சோதனையில் குற்றவாளி அகப்படும். அந்தத் தடத்தின் துணை மென்பொருள்களை ஒவ்வொன்றாக நீக்கிக் கேட்டால் இடம் துலங்கிவிடும்.

எல்லாவற்றையும் நீக்கிய பிறகும், தனித் தடத்தின் வெறும் பதிவே கரகரக்கிறதா? அப்போதுதான் கவலைப்பட வேண்டும். பாடியவள் மைக்குக்கு மிக அருகில் நின்றாள், அல்லது பதிவளவு அதிகமாக வைக்கப்பட்டது. அலை உள்ளே வரும்போதே வெட்டுண்டது. அந்தத் தடத்தை எவ்வளவு குறைத்தும் பயனில்லை. வெட்டுண்ட முனையை இருபக்கச் சரிவையும் பார்த்து ஊகித்து ஒட்டவைக்கும் ‘கிளிப் ஃபிக்ஸ்’ போன்ற கருவிகள் உள்ளன. ஓரிரு மாதிரிகள் இழந்த இடத்தில் அவை நன்றாகவே ஒட்டுப்போடும். நீண்ட அடி முழுவதும் நசுங்கியிருந்தால் ஒட்டு வெளியே தெரியும். மீண்டும் பாடச் சொல்ல வேண்டிய நேரம் இதுவே. பாடியவள் ஊரில் இருக்கிறாளா என்று முதலில் விசாரியுங்கள்! மறுமுறை பதியும்போது அவள் முழுக்குரலில் பாடும் அடியைப் பாடச் சொல்லி, அளவுமானி கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதவாறு வையுங்கள். ஒத்திகையில் பாடியதைவிடப் பதிவில் உரக்கப் பாடுவது மனித இயல்பு. 24 பிட்டில் பதிந்தால் ஒலி சற்றுத் தாழ்ந்திருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது.

இரு எண்களுக்கிடையே ஒளிந்த உச்சி

அளவுமானி சிவக்கவே இல்லை, சுழியைச் சரியாகத் தொட்டு நிற்கிறது, ஆயினும் சில கருவிகளில் மட்டும் கரகரக்கிறது என்று ஒருவர் சொல்லக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை. மானி எண்களை மட்டுமே பார்க்கிறது. எண்களுக்கு இடையில் வளைந்து செல்லும் அலையை அது காண்பதில்லை. திரிகோணமிதி படித்தவர்கள் இதைத் தாளிலேயே நிறுவலாம். 11,025 ஹெர்ட்ஸ் அலையை 44,100 முறை அளந்தால் ஒரு சுற்றுக்கு நான்கு அளவுகள். அவை 45, 135, 225, 315 பாகைகளில் விழுமானால் நான்கிலும் உயரம் 0.707 மட்டுமே, உண்மையான உச்சி 1. இப்போது எண்களைப் பார்த்து, “இடமிருக்கிறதே!” என்று அவற்றைக் கூரைவரை உயர்த்தினால் உண்மை உச்சி 1.414-க்குப் போய்விடும். கூரைக்கு மேல் 3 டெசிபல்! எண்களை மறுபடி அலையாக்கும் கருவியில் அவ்வளவு உயரத்துக்கு இடமில்லாவிட்டால் அங்கே வெட்டு விழும். இதனை அளக்கும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் ஒலியளவு பற்றிய தன் பரிந்துரையிலேயே வகுத்துத் தந்தது; ‘ட்ரூ பீக்’ மானி என்பது அதுதான்.

எம்.பி.3 முதலிய சுருக்கக் கோப்புகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். காது பொருட்படுத்தாது என்று கணிக்கும் பகுதிகளை எறிந்துவிட்டே அவை கோப்பைச் சிறிதாக்குகின்றன. சில பகுதிகள் போனால் அலையின் வடிவம் மாறும். உச்சிகள் சில குறையும், சில கூடும். மூலக் கோப்பு கூரையைத் தொட்டு நின்றால், கூடிய உச்சிகள் விரிக்கும்போது வெட்டுப்படும். கழித்தல் 1 டெசிபல் அளவில் உண்மை உச்சியை நிறுத்தினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஸ்பாட்டிஃபை போன்ற இசைத் தளங்கள் கேட்பதும் இந்த இடைவெளியையே.

சுருக்கம் மிகுதியானால் வரும் கேடு வேறு: கரகரப்பாக இராது, தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் குழைந்து கேட்கும். இதில் நம் மாணவியர் அறிய வேண்டிய சுவையான செய்தியொன்று உண்டு. எம்.பி.3 முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவராகிய ஜெர்மானியர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், தம் முறையைச் சோதிக்கச் சூசன் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியமின்றிப் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாடலை எடுத்துக்கொண்டார். பெரிய வாத்தியக் குழுக்களின் இரைச்சலையெல்லாம் நன்றாகச் சுருக்கிய முறை, இந்த ஒற்றைப் பெண்குரலைச் சிதைத்துவிட்டது! மறைந்துகொள்ள வாத்தியமில்லாத இடத்தில் சிறு பிழையும் காதில் விழுந்துவிடும். அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டு அவர்கள் முறையைச் செம்மைசெய்தனர். தனிக்குரல் கீதங்களை எம்.பி.3 ஆக்கும்போது 128 கிலோபிட்டுடன் கஞ்சத்தனம் செய்யாமல் 256, 320 என்று தாராளமாக வையுங்கள்.

உரக்கக் கேட்கும் ஆசை

கூரையை ஏன் எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்? இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால், சற்று உரக்க ஒலிப்பதே நன்றாக இருப்பதாக நம் காது தீர்ப்புச் சொல்லிவிடும். இந்தப் பலவீனத்தை நம்பி, ஒலித்தட்டுக் கம்பெனிகள் ஒன்றையொன்று மிஞ்சி ஒலியை உயர்த்தின. கூரையோ அசையாது. எனவே உச்சிகளை ‘லிமிட்டர்’ கொண்டு நசுக்கி, சராசரியை மேலே தூக்கினார்கள்.

இதற்குப் பேர்போன சாட்சி 2008-இல் வெளிவந்த மெட்டாலிக்கா குழுவினரின் ‘டெத் மேக்னெட்டிக்’ என்னும் தொகுப்பு. ஒலித்தட்டில் கரகரத்த அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ என்னும் வீடியோ விளையாட்டில் தெளிவாகக் கேட்டன. அவ்விளையாட்டுக்குத் தனித்தனித் தடங்களே கொடுக்கப்பட்டிருந்தன. நசுக்கப்பட்ட கலவை அல்ல. ஒப்பிட்டுப் பார்த்த ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்டு, மீண்டும் கலந்து தரும்படி வேண்டினர். தட்டுக்கு இறுதி மெருகிட்ட பொறியாளர் டெட் ஜென்சன், கலவைகள் தம்மிடம் வந்தபோதே நசுங்கித்தான் வந்தன என்று தெரிவித்தார். அவர் கைதேர்ந்தவர்; கருவிகளும் முதல்தரமானவை. ஆயினும் முன்னரே வெட்டுண்டதை அவராலும் முளைக்கவைக்க இயலவில்லை.

இன்று இந்தப் போட்டியில் பொருளே இல்லை. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல், உச்சியைக் கொண்டல்லாமல் காது உணரும் சராசரி உரப்பைக் கொண்டு நிகழ்ச்சிகளைச் சமன்செய்யும் முறையை வகுத்தது. இணைய இசைத் தளங்களும் இவ்வழியைப் பின்பற்றி, மிக உரத்த பாட்டைத் தாமே குறைத்து ஒலிக்கச் செய்கின்றன. நசுக்கிய பாட்டு நசுங்கியும் போய், உரப்பும் போய் நிற்கும். லிமிட்டரை இரண்டு மூன்று டெசிபலுக்கு மேல் உழைக்கவிட வேண்டாம் என்பது என் கருத்து. தாலாட்டுக்கும் கீர்த்தனைக்கும் அதுகூட வேண்டாம்.

சில சில்லறைக் காரணங்கள்

இரண்டு பதிவுத் துண்டுகளை ஒட்டிய இடத்தில் மட்டும் ‘டிக்’ என்று ஒருமுறை கேட்டால் காரணம் எளிது. அலை மேலே இருக்கையில் வெட்டி, கீழே இருக்கும் துண்டோடு ஒட்டினால் எண்கள் ஒரே தாவாகத் தாவும். அலை சுழியைக் கடக்கும் புள்ளியில் வெட்டுங்கள். ஆடாசிட்டியில் பகுதியைத் தேர்ந்துகொண்டு ‘இசட்’ விசையைத் தட்டினால் அதுவே அப்புள்ளிக்கு நகர்த்திவிடும். அல்லது ஒன்று மங்க ஒன்று எழுமாறு ஐந்து பத்து மில்லி வினாடி ஒன்றன்மேல் ஒன்று படியவிடுங்கள்.

ஒலித்தட்டுக்கு 44,100, வீடியோவுக்கு 48,000 என்று மாதிரி எண்ணிக்கை வேறுபடும். 48,000-இல் பதிந்ததை மாற்றாமல் 44,100 வேகத்தில் ஓட்டினால் பாட்டு மந்தமாகி, சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கிவிடும். இது உடனே தெரிந்துவிடும். இரண்டு டிஜிட்டல் கருவிகளைக் கம்பியால் இணைத்து இரண்டும் தத்தம் கடிகாரத்தையே பின்பற்றினால், சீரான இடைவெளியில் சிறு ‘டிக்’ வந்துகொண்டிருக்கும். ஒன்றை மற்றதன் கடிகாரத்துக்குக் கட்டுப்படுத்தினால் நின்றுவிடும்.

பாட்டின் கடைசியில் ஒலி தேய்ந்து மறையும் இடம் மட்டும் சொரசொரப்பாகக் கேட்பதுமுண்டு. 24 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு இறக்கும்போது மெல்லிய ஒலிகள் படிக்கட்டுகளாகிவிடுவதன் விளைவு அது. இறக்கும்போது ‘டிதர்’ என்னும் தேர்வை இயக்கினால், காதுக்கு எட்டாத மெல்லிரைச்சல் ஒன்றைத் தூவிப் படிகளை மறைத்துவிடும். செய்தித்தாளில் கரும்புள்ளிகளைத் தூவிச் சாம்பல் நிறம் காட்டுவதில்லையா, அதுபோல.

கோப்பு சரிதானா என்று பார்க்க

கடைசியாக, காதை மட்டும் நம்பாமல் கணக்கினாலேயே சரிபார்க்கும் வழியொன்று. வெளியே எடுத்த வேவ் கோப்பை மறுபடி அதே கலவைக்குள் புதுத் தடமாகக் கொண்டுவந்து, முதல் மாதிரியிலிருந்தே பொருந்துமாறு வையுங்கள். அந்தத் தடத்தை ‘இன்வெர்ட்’ செய்யுங்கள். அதாவது கூட்டலெல்லாம் கழித்தலாகட்டும். இப்போது எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் மூலமும் நகலும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மௌனமாகிவிடும். டிதர் இட்டிருந்தால் மிக மெல்லிய இரைச்சல் எஞ்சும். நகலில் எங்கேனும் முனை வெட்டுண்டிருந்தால், அந்த வினாடியில் மட்டும் ‘டப்’ என்று ஒலி எழும்: 36,000-இல் 32,767 போக மீதமுள்ள 3,233! ஓடும்போதெல்லாம் தற்செயலாய் மாறும் எதிரொலிக் கருவிகளை மட்டும் இச்சோதனைக்கு முன் தனித் தடமாகப் பதிந்துகொள்ள வேண்டும்.

மௌனமானால் கோப்பு நலம். பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகையில் ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்து அனுப்புங்கள். அப்போதுதான் வழியில் மறுபடி சுருக்கப்படாமல் போய்ச்சேரும். தனித் தடங்களையும் வெட்டாத 32 பிட் கலவையையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்து, ஆண்டையும் பாடியவர் வகுப்பையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். பத்தாண்டு கழித்து யாரேனும் வந்து கேட்டாலும், எம்.பி.3-இலிருந்து அல்ல, இதிலிருந்தே புதிதாக எடுத்துக் கொடுக்கலாம்.